அறுவை சிகிச்சையின்போது உடம்புச் சூட்டையும் அளந்து எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அறுவை சிகிச்சைக்குப் பிறகு தையல் போட்ட இடத்தில் சீழ் பிடிப்பதைப் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது, புகைப்பதை நிறுத்துவது, கத்தி வைப்பதற்கு முன்பே ஆன்டிபயாடிக் போடுவது, கை கழுவுவது என்று எல்லாமே சரியாக எழுதியிருந்தது. ஒன்று மட்டும் விட்டுப்போயிருக்கிறது. ஆபரேஷன் மேசையில் படுத்திருக்கும் நேரத்தில் நோயாளியின் உடம்பு எவ்வளவு குளிர்ந்துபோகிறது என்பதுதான் அது. ஆபரேஷன் தியேட்டரிலும் அதை ஒட்டிய ரெகவரி அறையிலும் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இந்த விஷயத்தை வெளியில் யாரும் பேசிக் கேட்டதில்லை என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ரெகவரி அறையில் கண் விழிப்பவர்கள் முதலில் கேட்பது தண்ணீர். அதற்கு அடுத்தபடியாக நான் அதிகம் கேட்டது, "சிஸ்டர், குளிருது" என்பதுதான். சிலர் அதைக்கூடச் சொல்ல முடியாமல் பற்கள் அடித்துக்கொள்ள, கட்டிலே ஆடும்படி நடுங்குவார்கள். "மயக்க மருந்து கொடுத்தா அப்படித்தான்மா இருக்கும், கொஞ்ச நேரத்துல சரியாயிடும்" என்று சொல்லி ஒரு போர்வையைப் போர்த்திவிட்டுப் போவதுதான் பழக்கமாக இருந்தது. நடுக்கம் கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும் என்பது உண்மை. ஆனால் அதற்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரத்தில் உடம்புக்குள் நடந்துவிட்டதை அந்தப் போர்வை சரிசெய்துவிடாது.

குடலில் பெரிய ஆபரேஷன் முடிந்து வந்த ஒரு பாட்டி நினைவுக்கு வருகிறார். எலும்பும் தோலுமான உடம்பு. காதில் தெர்மாமீட்டர் வைத்தபோது 34.6 டிகிரி செல்சியஸ். நாம் வழக்கமாகச் சொல்லும் கணக்கில் 94 சொச்சம். கேஸ் ஷீட்டில் ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, ஆக்ஸிஜன் அளவு எல்லாம் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வரிசையாகக் குறித்திருந்தது. உடம்புச் சூட்டுக்கான கட்டம் மட்டும் மேலிருந்து கீழ்வரை காலி. பிறகு அவருக்குத் தையல் இடத்தில் சீழ் வைத்து, தினமும் டிரெஸ்ஸிங் செய்து ஆற்ற வேண்டியிருந்தது. குளிர்ந்ததால்தான் அவருக்குச் சீழ் வைத்தது என்று நான் சொல்லவில்லை. வயது, சத்துக் குறைவு, குடலில் கை வைத்த ஆபரேஷன் என்று காரணங்கள் நிறைய உண்டு. ஒரே ஒரு நோயாளியை வைத்து அதைச் சொல்லவும் முடியாது. எனக்கு உறுத்தியது அந்தக் காலிக் கட்டம்தான். அளந்திருந்தால் குறைகிறது என்று தெரிந்திருக்கும், தெரிந்திருந்தால் யாராவது ஏதாவது செய்திருப்பார்கள்.

உடம்பு ஏன் குளிர்கிறது? ஏ.சி.தான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். அதற்கும் பங்கு உண்டு, ஆனால் முதல் காரணம் மயக்க மருந்துதான். விழித்திருக்கும்போது மூளை நம் உள்சூட்டை 37 டிகிரியை ஒட்டியே வைத்திருக்கிறது. அரை டிகிரி குறைவதற்குள் கை கால்களில் உள்ள ரத்தக் குழாய்களைச் சுருக்கி, சூடு வெளியே போகாமல் தடுத்துவிடும். இன்னும் குறைந்தால் நடுக்கத்தைக் கொண்டுவரும். பொது மயக்கம் கொடுத்ததும் இந்தக் காவல் தளர்ந்துபோகிறது. உள்சூடு 35, சில சமயம் 34 வரை இறங்கினாலும் மூளை பேசாமல் இருக்கும். ரத்தக் குழாய்களும் விரிந்துவிடுவதால், நெஞ்சிலும் வயிற்றிலும் தலையிலும் இருந்த சூடு கதவு திறந்துவிட்டதுபோல் கை கால்களுக்குப் பாய்கிறது. முதல் ஒரு மணி நேரத்திலேயே உள்சூடு ஒன்று முதல் ஒன்றரை டிகிரி வரை குறைவது இதனால்தான். இந்த முதல் சரிவில் சூடு உடம்பை விட்டுப் போவதில்லை, உள்ளேயே இடம் மாறுகிறது. ஆகவே மயக்கம் கொடுத்த பிறகு போர்வை போர்த்தி இதைத் தடுத்துவிட முடியாது.

அதற்கு மேல்தான் மற்றவை சேர்கின்றன. மருந்தால் உடம்பு உண்டாக்கும் சூடே குறைந்துவிடும். வயிற்றைத் திறந்து வைத்திருப்பார்கள். தோலைச் சுத்தம் செய்யும் திரவம் ஆவியாகும்போது குளிரும். அறைச் சூட்டில் இருக்கும் சலைன் ஒரு லிட்டர் ஏற்றினால், பெரியவர்களுக்குச் சராசரியாகக் கால் டிகிரி இறங்கும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த ஒரு பாட்டில் ரத்தத்தை அப்படியே ஏற்றினாலும் ஏறக்குறைய அதே அளவு குறையும். பெரிய ஆபரேஷனில் மூன்று நான்கு லிட்டர் ஏற்றுவது சாதாரணம், கணக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தால் நோயாளி விழித்துத்தானே இருக்கிறார், குளிர்ந்தால் சொல்லிவிடுவாரே என்று கேட்கலாம். அங்கேதான் ஏமாந்துபோவோம். மரத்த பாதியில் ரத்தக் குழாய்கள் விரிந்து தோல் வெதுவெதுப்பாக இருப்பதால், உள்ளே சூடு குறைந்துகொண்டிருந்தாலும் அவருக்குக் குளிர் தெரியாமலே போகலாம். "நல்லா இருக்கேன் சிஸ்டர்" என்று சிரித்த முகத்தோடு சொன்னவர்களுக்கு 35 டிகிரிக்குச் சற்று மேலே காட்டியதைப் பார்த்திருக்கிறேன்.

சரி, இரண்டு டிகிரி குறைந்தால் சீழ் எப்படி வரும்? எவ்வளவு சுத்தமாகச் செய்தாலும் வெட்டிய இடத்தில் கொஞ்சம் கிருமி சேரத்தான் செய்யும். அதில் பெரும்பாலும் நோயாளியின் தோலிலும் குடலிலும் ஏற்கெனவே இருப்பவை. அவை வேர்பிடிக்கின்றனவா, அழிந்துபோகின்றனவா என்பது முதல் சில மணி நேரத்திலேயே பெரும்பாலும் முடிவாகிவிடும். அந்த நேரத்தில் வேலை செய்ய வேண்டியவை ரத்தத்தின் வெள்ளை அணுக்கள். கிருமியை விழுங்கிக் கொல்ல அவற்றுக்கு ஆக்ஸிஜன் தேவை. திசுவில் ஆக்ஸிஜன் எவ்வளவு இருக்கிறதோ அந்த அளவுக்குத்தான் அவை கொல்லும். மயக்கத்தையும் மீறும் அளவுக்கு உடம்பு குளிர்ந்தாலோ, மயக்கம் தெளியத் தொடங்கினாலோ, விரிந்திருந்த ரத்தக் குழாய்கள் சுருங்கிவிடும். அப்போது தோலுக்கும் அதன் கீழே இருக்கும் கொழுப்புக்கும் ரத்தம் குறைந்துபோகிறது, ஆக்ஸிஜனும் குறைகிறது. தையல் போடுவதும் அங்கேதான், சீழ் தொடங்குவதும் பெரும்பாலும் அங்கேதான். குளிர் வெள்ளை அணுக்களையும் மந்தமாக்கும். காயம் ஆறும்போது புதுத் திசுவுக்குப் பலம் கொடுக்கும் கொலாஜன் உருவாவதற்கும் ஆக்ஸிஜன் வேண்டும் என்பதால், கிருமி வராவிட்டாலும் ஆறுவது தாமதமாகலாம்.

இது வெறும் அனுமானமில்லை. 1996இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வந்த ஆய்வு ஒன்று இந்தத் துறையில் இருப்பவர்களுக்கெல்லாம் தெரியும். ஆஸ்திரியாவில் கர்ஸ், செஸ்லர், லென்ஹார்ட் ஆகிய மருத்துவர்கள் செய்தது. பெருங்குடல், மலக்குடல் அறுவை சிகிச்சைக்கு வந்த 200 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினருக்குச் சலைனைச் சூடாக்கி, வெதுவெதுப்பான காற்று ஓடும் போர்வையும் போட்டார்கள். மற்றவர்களை அந்தக் கால வழக்கப்படி விட்டார்கள். ஆபரேஷன் முடியும்போது முதல் பிரிவுக்குச் சராசரி 36.6 டிகிரி, இரண்டாம் பிரிவுக்கு 34.7. ஆன்டிபயாடிக் இரு தரப்புக்கும் ஒன்றுதான். காயத்தைப் பார்த்துச் சொன்ன டாக்டருக்கு யார் எந்தப் பிரிவு என்று தெரியாது. சூடாக வைக்கப்பட்ட 104 பேரில் 6 பேருக்குச் சீழ் வைத்தது, குளிர்ந்த 96 பேரில் 18 பேருக்கு. குளிர்ந்தவர்கள் மருத்துவமனையில் சராசரியாக இரண்டரை நாளுக்கு மேல் கூடுதலாகப் படுத்திருந்தார்கள். இன்னும் அதிகம் பேரைச் சேர்க்கும் திட்டம் இருந்தும், வித்தியாசம் தெளிவாகத் தெரிந்ததால் 200 பேரோடு நிறுத்திக்கொண்டார்கள்.

குடல் ஆபரேஷன் என்றால் கிருமி அதிகம், சின்ன ஆபரேஷனுக்கு இது பொருந்துமா என்ற கேள்விக்கு 2001இல் 'லான்செட்' இதழில் பிரிட்டனிலிருந்து ஒரு பதில் வந்தது. மார்பகம், நரம்புச் சுருட்டல், குடலிறக்கம் என்று சுத்தமான, சீக்கிரம் முடிகிற ஆபரேஷன்கள். தியேட்டருக்குள் போவதற்கு முன் குறைந்தது அரை மணி நேரம் சூடேற்றப்பட்டவர்களில் நூற்றுக்கு 5 பேருக்குத் தொற்று வந்தது, சூடேற்றாதவர்களில் நூற்றுக்கு 14 பேருக்கு.

2022இல் வந்த பெரிய ஆய்வைச் சொல்லாமல் விட்டால் நான் பாதி உண்மையைச் சொன்னவளாவேன். சீனாவிலும் அமெரிக்காவிலுமாக 5,000க்கும் மேற்பட்டவர்களை வைத்துச் செய்தது. ஒரு பிரிவை 37 டிகிரியிலும் மற்றதை 35.5 டிகிரியை ஒட்டியும் வைத்துப் பார்த்தார்கள். இதய பாதிப்பிலும் இறப்பிலும் வித்தியாசம் இல்லை, ஆழமான காயத் தொற்றிலும் இல்லை. இதைக் காட்டி, "பார்த்தீர்களா, சூடேற்றுவது வீண்" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. அந்த ஆய்வில் குளிர்ந்த பக்கம் என்று சொல்லப்பட்டவர்களையும் அளந்துகொண்டே இருந்தார்கள், 35.5க்குக் கீழே போனால் சூடேற்றினார்கள். 1996இல் குளிர்ந்தவர்கள் இருந்த 34.7க்கு இவர்களை யாரும் இறங்க விடவில்லை. ஆகவே 37ஐ எட்டியே தீர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. எவரையும் கவனிப்பாரின்றி 35க்கும் கீழே விட்டுவிடாதீர்கள் என்றுதான் கேட்கிறேன். காலிக் கட்டம் இருக்கும் இடத்தில், எந்த அளவு இறங்கினார் என்பதே தெரியாதே!

சீழைத் தாண்டியும் தொல்லைகள் உண்டு. குளிர்ந்த உடம்பில் ரத்தம் உறைவது மந்தமாகி, கூடுதலாக ரத்தம் போகும். தசை தளர்த்தும் மருந்துகளும் மயக்க மருந்துகளும் கலைய நேரமாகும். நடுக்கம் வந்தால் உடம்பு கேட்கும் ஆக்ஸிஜன் எகிறும், இதயம் பலவீனமானவர்களுக்கு அது ஆபத்து. தைத்த வயிற்றோடு நடுங்குவதன் வலியை அனுபவித்தவர்களைக் கேட்டால்தான் தெரியும்.

இனி, செய்யக்கூடியவை. பிரிட்டனில் சிகிச்சை முறைகளை வகுத்துச் சொல்லும் அரசு அமைப்பான 'நைஸ்' 2008லேயே தெளிவான வழிகாட்டுதல் கொடுத்துவிட்டது. அவசர ஆபரேஷன் தவிர மற்றவற்றில் உடம்புச் சூடு 36 டிகிரிக்குக் குறைவாக இருந்தால் மயக்கம் கொடுக்கவே தொடங்க வேண்டாம் என்கிறது. அரை மணிக்கு ஒருமுறை அளக்க வேண்டும். அரை லிட்டரோ அதற்கு மேலோ ஏற்றும் திரவத்தை 37 டிகிரிக்குச் சூடாக்கி ஏற்ற வேண்டும். நோயாளியின் உடல் மூடாமல் இருக்கும் நேரத்தில் அறையின் வெப்பம் 21 டிகிரிக்குக் குறையக் கூடாது. 36 எட்டாமல் ரெகவரியிலிருந்து வார்டுக்கு அனுப்பக் கூடாது. உலக சுகாதார நிறுவனமும் 2016இல் காயத் தொற்றைத் தடுக்க வெளியிட்ட வழிகாட்டுதலில், தியேட்டரில் சூடேற்றும் கருவிகளைப் பயன்படுத்தப் பரிந்துரைத்தது.

இவற்றில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது, மயக்கம் கொடுப்பதற்கு முன்பே அரை மணி நேரம் சூடேற்றுவது. கை கால்கள் முன்கூட்டியே வெதுவெதுப்பாக இருந்தால், முதல் மணி நேரச் சரிவு பெருமளவு குறையும். நோயாளி எப்படியும் தியேட்டருக்கு வெளியே காத்துக்கொண்டுதான் இருக்கிறார். மெல்லிய கவுன் ஒன்றோடு, பயத்தோடு, ஸ்ட்ரெச்சரில். அந்த நேரத்தை இதற்குப் பயன்படுத்தலாம். சாதாரணப் போர்வை ஒன்று சூடு வெளியேறுவதைச் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைக்கும். அதற்கு மேல் இரண்டு மூன்று போர்வை அடுக்கினாலும் பெரிய மாற்றம் வராது, சூடு கொடுக்கும் கருவிதான் வேண்டும். காற்று அடிக்கும் கருவி கிருமியைக் கிளப்பிவிடுமோ என்ற சந்தேகம் சில டாக்டர்களுக்கே இருந்தது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இதை ஆராய்ந்து, அப்படி ஒரு தொடர்பு உறுதியாகத் தெரியவில்லை, கருவியைத் தொடர்ந்து பயன்படுத்துங்கள் என்று 2017இல் அறிவித்தது.

ஏ.சி. விஷயத்தில் தியேட்டருக்குள் ஓர் இழுபறி எப்போதும் உண்டு. பெரிய விளக்குக்குக் கீழே, கவுனும் மாஸ்க்கும் கையுறையும் போட்டு மணிக்கணக்காக நிற்கும் சர்ஜனுக்கு உண்மையிலேயே வேர்க்கும். வேர்வை சொட்டினால் அதுவும் காயத்துக்கு நல்லதில்லை. அவர் ஏ.சி.யைக் கூட்டச் சொல்வதில் குற்றமில்லை. நோயாளியைத் துடைத்து, துணி போர்த்தி முடிக்கும்வரையாவது அறையைக் கொஞ்சம் வெதுவெதுப்பாக வைத்துவிட்டு, அப்புறம் குறைத்துக்கொள்ளலாம். நான் வேலை பார்த்த காலத்தில் மூத்த மயக்க மருந்து டாக்டர் ஒருவர், "கத்தி வைக்கிற வரைக்கும் ரிமோட் என்கிட்டதான்" என்று கையிலேயே வைத்துக்கொள்வார். சர்ஜன்களும் பழகிக்கொண்டார்கள்.

எதை வைத்து அளக்கிறோம் என்பதும் பெரிய விஷயம். நெற்றிக்கு நேரே நீட்டும் துப்பாக்கி மாதிரியான கருவி தோலின் சூட்டைத்தான் பார்க்கிறது, தியேட்டரில் அதை நம்பக் கூடாது. மயக்கத்தில் இருப்பவருக்கு உணவுக்குழாயிலோ மூக்கின் பின்பகுதியிலோ வைக்கும் மெல்லிய ஒயர்தான் உள்சூட்டைச் சரியாகக் காட்டும். விழித்திருப்பவருக்கு நாக்குக்கு அடியில் வைத்துப் பார்த்தாலே போதுமான அளவுக்குச் சரியாக இருக்கும்.

நோயாளிகளின் வீட்டாருக்குச் சில வார்த்தைகள். முதியவர்கள், பச்சைக் குழந்தைகள், மிகவும் மெலிந்தவர்கள், நீண்ட நேர ஆபரேஷனுக்குப் போகிறவர்கள் ஆகியோர்தான் சீக்கிரம் குளிர்ந்துபோகிறவர்கள். ஆபரேஷனுக்கு முன் மயக்க மருந்து டாக்டர் வந்து பேசும்போது, "உடம்புச் சூட்டை அளப்பீர்களா டாக்டர், சூடாக வைக்க என்ன செய்வீர்கள்?" என்று தயங்காமல் கேளுங்கள். நல்ல டாக்டர் இதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார். சில இதய, மூளை அறுவை சிகிச்சைகளில் வேண்டுமென்றே உடம்பைக் குளிர வைப்பார்கள். அப்படியானால் அதையும் அவர் சொல்லிவிடுவார். காத்திருக்கும்போது நோயாளிக்குக் குளிர்ந்தால் உடனே நர்ஸிடம் சொல்லச் சொல்லுங்கள். "அவர்கள் எவ்வளவோ வேலையில் இருக்கிறார்கள்" என்று பொறுத்துக்கொண்டு கிடப்பவர்கள்தான் அதிகம், அதிலும் பெண்கள்.

செய்யக் கூடாததும் ஒன்று உண்டு. பாசத்தில் வெந்நீர்ப் பையையோ வெந்நீர் நிரப்பிய பாட்டிலையோ போர்வைக்குள் வைத்துவிடாதீர்கள். முதுகில் ஊசி போட்ட காலுக்கு உணர்ச்சி திரும்பியிருக்காது. சுட்டாலும் தெரியாமல் கொப்புளமாகி, ஆற வாரக்கணக்கில் ஆன தீக்காயத்தை நான் டிரெஸ்ஸிங் செய்திருக்கிறேன். அவசரத்தில் சூடான காற்று வரும் குழாயைப் போர்வையில் மாட்டாமல் நேரே துணிக்கடியில் செருகிவிடும் ஊழியர்களுக்கும் இதே எச்சரிக்கைதான், அதிலும் தோல் வெந்துபோகும்.

மருத்துவமனைகளை நடத்துபவர்களிடம் நான் கேட்பது மூன்று விஷயங்கள்கூட இல்லை, ஒன்றுதான். மயக்க மருந்து சார்ட்டில் உடம்புச் சூட்டுக்கான கட்டத்தைக் காலியாக விட அனுமதிக்காதீர்கள். தியேட்டருக்குள் போகும்போது ஒன்று, அரை மணிக்கு ஒன்று, ரெகவரியில் ஒன்று என்று எண்கள் இருக்கட்டும். சீழ் வைத்த நோயாளிகளைப் பற்றிப் பேச மாதாமாதம் கூடும் தொற்றுத் தடுப்புக் குழு, ஆன்டிபயாடிக் எத்தனை மணிக்குப் போட்டார்கள் என்று பார்க்கும்போது இந்த எண்களையும் சேர்த்துப் பார்க்கட்டும். எண் இருந்தால், கருவி வேண்டும் என்று கேட்பதற்கு நர்ஸ்களுக்கும் ஒரு ஆதாரம் கிடைக்கும். அது இல்லாமல் நாங்கள் கேட்டபோதெல்லாம் "இப்போதைக்கு இருப்பதை வைத்துப் பாருங்கள்" என்ற பதிலே வந்தது.

அந்தக் கட்டுரையின் தொடர்ச்சியை வெளியிடும் எண்ணம் இருந்தால், மயக்கவியல் மருத்துவர் ஒருவரிடம் இதைப் பற்றி எழுதி வாங்கிப் போடும்படி கேட்டுக்கொள்கிறேன். சர்ஜன்களிடம் கேட்டால் தையலையும் ஆன்டிபயாடிக்கையும்தான் முதலில் சொல்வார்கள். நோயாளியின் தலைமாட்டில் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் இந்தச் சூட்டுக் கணக்கு தெரியும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறுவை அரங்கச் செவிலியர்